ஒரு வீட்டுக்கு ரெண்டு வாசல்

உங்கள் வீட்டு பாத்ரூம் கதவு உள்பக்கம் திறக்குமா, வெளிப்பக்கம் திறக்குமா?

சட்டென்று சொல்ல வரவில்லை, இல்லையா? தினமும் நாலு தடவை திறக்கிற கதவு. எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் இங்கேதான் இருப்பேன்.

போன வாரம், சைட்டில் என்னை கவுன்சிலர் மகள் என்று நினைத்து எல்லாரும் எழுந்து நின்ற கதையை எழுதியிருந்தேன். படித்துவிட்டு ஒருவர், "வாய் இவ்வளவு நீளமா இருக்கே, சொந்தமா ஒரு வீடாவது பிளான் போட்டிருக்கியா?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. போட்டிருக்கிறேன். இந்த வாரம் அந்த வீடுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அறந்தாங்கியிலிருந்து கட்டுமாவடி போகிற ரோட்டில், எங்கள் ஊருக்குள் திரும்பியதும் இடது கைப் பக்கம் ஒரு காலி மனை. அதன் நடுவில் நான் நிற்கிறேன். கையில் சுண்ணாம்புப் பொடி டின். முழங்கை வரை வெள்ளை. எனக்குப் பின்னால் தரையில் ஒரு முழு வீடு மல்லாந்து கிடக்கிறது. ஹால், ரெண்டு பெட்ரூம், கிச்சன், பாத்ரூம், எல்லாம் வெள்ளைக் கோடாக. சுவர் இல்லை, கூரை இல்லை. ஆனால் அளவு ஒரு இஞ்ச் பிசகாது.

வேடிக்கை பார்க்கத் தெருப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்துவிட்டார்கள். அவர்களிடமும் இதே கேள்வியைத்தான் கேட்டேன்.

"உள்ளுக்குத்தான் தொறக்கும். வெளிய தொறந்தா அசிங்கமா இருக்காதா?" என்றார் எதிர்வீட்டுப் பெரியம்மா.

"உள்ள விழுந்து கெடந்தா என்ன பண்ணுவீங்க?"

"விழாம இருக்கணும்."

கூட்டம் சிரித்தது. நானும்தான். எங்கள் பக்கம் எல்லாரும் இந்தப் பதிலை நம்பித்தான் வீடு கட்டுகிறார்கள். நாற்பது வயதில் கட்டும்போது எழுபது வயது வராமலே இருந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. முகப்புக்கு யானைத் தும்பிக்கை மாதிரித் தூண், வழவழவென்று கண்ணாடி போல டைல்ஸ், படுக்கை மாடியில். அப்புறம் ஒரு நாள் முட்டி மக்கர் பண்ணும். மாடிக்குப் பூட்டு போட்டுவிட்டு ஹாலில் ஒரு கட்டிலைப் போட்டுக்கொண்டு, சொந்த வீட்டிலேயே வாடகைக்கு இருப்பவர்கள் மாதிரி ஓரமாக வாழ்வார்கள்.

என் அம்மாவுக்கு அப்படி ஆக விடமாட்டேன் என்று நான் முடிவு பண்ணிய கதை வேறு. அது மீன் வாசனை அடிக்கும்.

மீன் வெட்டுகிற கத்தி

அம்மா பெயர் சரோஜா. ஊருக்குள் தையல் மிஷின் சரோஜா. அப்பா போய்ச் சேர்ந்து சில வருஷம். நான் திருச்சியில் ஒரு பில்டரிடம் வேலை. அதனால் பழைய வீட்டில் அம்மா மட்டும்.

ஒரு நாள் காலையில் பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள். விழுந்தது கதவுக்குப் பின்னால். கதவு உள்பக்கம் திறக்கிற கதவு. அதாவது, யாராவது வெளியிலிருந்து தள்ளினால் அம்மாவின் இடுப்பில்தான் இடிக்கும். ஃபோன் அடுப்படியில் இருந்தது. நான் அடித்தேன், எடுக்கவில்லை. மிஷின் சத்தத்தில் கேட்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டு காங்கிரீட் கலவை பார்க்கப் போய்விட்டேன். இதை எழுதும்போதுகூட எனக்குக் கன்னத்தில் அறைய வேண்டும் போல இருக்கிறது.

காப்பாற்றியது கட்டுமாவடியிலிருந்து டி.வி.எஸ். வண்டியில் மீன் கொண்டுவருகிற அண்ணன். ரெண்டு தடவை கூவியும் சரோஜாக்கா வந்து விலை பேசவில்லை என்றதும் அவருக்குச் சந்தேகம். அம்மா பேரம் பேசாமல் ஒரு மத்திகூட வாங்கினதில்லை. கொல்லைப் பக்கமாக வந்து பார்த்திருக்கிறார். தள்ளிப் பார்த்தால் அம்மா கத்துகிறாள். உடனே வண்டிக்கு ஓடி, மீன் வெட்டுகிற கத்தியை எடுத்துவந்து, பிளாஸ்டிக் கதவை மேலிருந்து கீழே கிழித்துவிட்டார்.

அம்மா அந்த நிலையிலும் சொன்னாளாம். "ஏப்பா, கத்தியக் கழுவுனியா?"

தொடை எலும்பு தப்பியது. முட்டி மட்டும் பழுது. ஒரு மாதத்துக்கு மேல் ஆள் துணை இல்லாமல் எழ முடியாது என்றார்கள். நான் லீவ் சொல்லிவிட்டு வருவதற்குள், திருமயத்திலிருந்து ஒரு ஆள் பஸ் ஏறி வந்து, அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

தமிழரசி அத்தை. அப்பாவின் கூடப்பிறந்த ஒரே தங்கச்சி. அம்மாவின் ஆயுட்கால எதிரி.

பத்து நிமிஷச் சண்டை

கொஞ்சம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வயசுக்கு வந்தபோது சடங்கு வைத்தார்கள். எங்கள் வழக்கப்படி முதல் தண்ணியை அத்தைதான் ஊற்ற வேண்டும். அத்தை வந்த பஸ் வழியில் பஞ்சர். நல்ல நேரம் முடியப் போகிறது என்று ஐயர் அவசரப்படுத்த, அம்மா யாரோ ஒரு பெரியம்மாவை ஊற்றச் சொல்லிவிட்டாள். பத்து நிமிஷம் கழித்து அத்தை சீர்த் தட்டோடு வந்து இறங்குகிறாள். என் தலையில் தண்ணி சொட்டிக்கொண்டிருக்கிறது.

அவ்வளவுதான். பத்து நிமிஷம். அதை வைத்துப் பத்து வருஷத்துக்கு மேல் ஓட்டினார்கள். கல்யாண வீடு, காதுகுத்து, எழவு வீடு, எங்கே பார்த்தாலும் அத்தை ஒரு வார்த்தை விடுவாள், அம்மா ரெண்டு வார்த்தை விடுவாள். சடங்கு என்னுடையது, ஆனால் அதில் என்னைத் தவிர எல்லாரும் முக்கியம்.

அந்த அத்தை நாற்பது நாள் இருந்து அம்மாவைத் தூக்கி, உட்கார வைத்து, குளிப்பாட்டினாள். தினமும் சண்டை. "ரசத்துல புளி அள்ளிக் கொட்டுறா, என்னயக் கொல்லப் பாக்குறா" என்று அம்மா. "கொல்றதா இருந்தா புளியிலயா கொல்லுவேன்? கடையில எலி மருந்து இல்லியா?" என்று அத்தை. அம்மா குச்சி ஊன்றித் தானாக நடந்த அன்றைக்கே, பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அப்புறம் என்ன தெரியுமா? தினமும் மூன்று வேளை ஃபோன். சண்டை போடத்தான்.

அத்தையும் தனி ஆள். மாமா இல்லை. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். மகன் சிங்கப்பூரில். அங்கே போய் மூன்று வாரம் இருந்துவிட்டு ஓடி வந்துவிட்டாள். "லிஃப்டுக்கு நிக்கிறதுலயே பாதி ஆயுசு போவுது. எதுத்த வீட்டுல யாருன்னு அவனுக்கே தெரியல" என்றாள்.

எனக்குப் பொறி தட்டியது. ரெண்டு பேராலும் தனியாக இருக்க முடியாது. ரெண்டு பேரும் நகரத்துக்கு வர மாட்டார்கள். ஒரே வீடு கட்டிவிட்டால்? மனை இருக்கிறது. தாத்தா மனை. அப்பா பெயருக்கு எழுதும்போது அத்தை 'எனக்குப் பங்கு வேண்டாம்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மனை. எங்கள் பக்கம் எல்லாத் தங்கச்சிகளும் சிரித்துக்கொண்டே போடுகிற கையெழுத்து.

அம்மாவிடம் சொன்னேன். "அவ வந்தா வரட்டும்" என்றாள். அம்மா அகராதியில் அது கெஞ்சல். அத்தையிடம் சொன்னேன். "பாக்கலாம். வீட்டக் காட்டு, சொல்றேன்" என்றாள்.

காட்டத்தான் அந்தச் சுண்ணாம்பு.

கோட்டுக்குள் குடித்தனம்

பேப்பரில் பிளானைக் காட்டினால் யாருக்கும் புரியாது. ஆபீசில் வருகிற பார்ட்டிகள் தலையாட்டிவிட்டு, சுவர் எழும்பினதும் "இம்புட்டுத்தானா ரூம்?" என்பார்கள். அதனால் முழு அளவில் தரையில் வரைந்துவிட்டேன். பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கட்டிலாகச் சேர்த்துப் போட்டேன். ஒரு முக்காலிதான் அடுப்பு. காலைக் காப்பியிலிருந்து மதியச் சோறு வரை ரெண்டு பேரும் இதற்குள் வாழ்ந்து காட்ட வேண்டும். விதி ஒன்றுதான்: சுவரைத் தாண்டக் கூடாது, வாசல் வழியாகத்தான் போகணும்.

"கடகால் வெட்டக் கோடு போடுவாங்க, பாத்திருக்கேன்" என்றார் கருப்பையா கொத்தனார். வீடு கட்டித் தருகிறவர் அவர்தான். "குடித்தனம் நடத்தக் கோடு போட்டு இன்னைக்குத்தான் பாக்குறேன்."

அவருக்கு என் பிளானில் ஏகப்பட்ட வருத்தம். வாசலில் படி இல்லை, நீளமாகச் சரிவு. "ஒன்றரை அடி ஒசரத்துக்குப் பதினெட்டு அடி சரிவா? வீடு கட்டுறமா, ஆஸ்பத்திரி கட்டுறமா? அழகா மூணு படி வச்சா முடிஞ்சுச்சு. ஒத்தப்படையில வரும்."

"அந்த மூணு படிக்குப் பயந்துதான் அண்ணே வயசானவங்க வீட்ட விட்டு எறங்காம இருக்காங்க."

"நிலைக்குக் கீழ்ப்படி இல்லங்கிறியே, மஞ்சக் குங்குமம் எங்கிட்டு வைக்கிறது? ஒன் தலையிலயா?"

"இருக்குண்ணே. தரையோட தரையாப் பதிச்சுருவோம். குங்குமமும் வைக்கலாம், காலும் தட்டாது."

அவர் தாடையைச் சொறிந்தார். "ம்ம். படிச்ச புள்ள" என்றார். கெட்ட வார்த்தை மாதிரித்தான் சொன்னார். ஆனால் சொன்னார்.

எனக்கு அன்றைக்குக் கால் தரையில் இல்லை. கேளுங்கள், என்னவெல்லாம் யோசித்திருந்தேன் என்று. கட்டிலில் இருந்து பாத்ரூமுக்கு ஒன்பது எட்டு, வழியில் திருப்பம் ஒன்றே ஒன்று. கதவு எல்லாம் மூன்றடிக்கு மேல் அகலம். பாத்ரூம் கதவு வெளிப்பக்கம். சொரசொர டைல்ஸ். பிடித்துக்கொள்ளக் கம்பி, அதுவும் சுவர் கட்டும்போதே உள்ளே வலுவாகக் கொக்கி வைத்து. சுவிட்ச் எல்லாம் இடுப்பு உயரம். குனியவே வேண்டாம், எக்கவே வேண்டாம். கிச்சன் மேடைக்குக் கீழே உட்கார்ந்து நறுக்க இடம்.

குடித்தனம் தொடங்கியது. அம்மா முதல் நிமிஷத்திலேயே குச்சியை ஊன்றிக்கொண்டு பெட்ரூம் சுவர் வழியாக நேரே கிச்சனுக்குப் போனாள்.

"யம்மா! அது சுவரு!"

"காப்பி ஆறுதுடி."

வந்திருந்த பெண்களும் சுவரில் உட்கார்ந்தார்கள், பாத்ரூமில் நின்று வெற்றிலை போட்டார்கள். அத்தை மட்டும்தான் விதியை மதித்தாள். ஒவ்வொரு வாசலிலும் நின்று, நுழைந்து, திரும்பிப் பார்த்தாள். சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கோடு அழியாமல்.

"அரசி, ஒனக்கு ஓரத்து ரூம்பு. காத்து வரும்" என்றாள் அம்மா.

"ம்."

"என்னடி 'ம்'? புடிக்கலையா?"

"வேலிக்கு அங்கிட்டு இருக்குற புளியமரத்துப் பேயக் காவக் காக்க என்னயத்தான் புடிச்சீங்களா அண்ணி?"

"ஒன்னயப் பாத்தா அது ஊர விட்டே ஓடிரும்."

பெண்கள் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. எல்லாம் செமையாகப் போய்க்கொண்டிருந்தது. மத்தியானச் சோறுகூட இறங்கியாயிற்று, தூக்குவாளியில். அப்போதுதான் அத்தை ஹாலின் நடுவில் நின்றாள்.

தெற்கே தலை

"இஞ்சினியரு" என்றாள். என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். "ஐஸ் பொட்டி எங்க வைக்கிறது?"

"ஃப்ரிட்ஜா? கிச்சன்ல, அந்த மூலையில..."

"அந்தப் பொட்டி இல்லடி. ஆளப் படுக்க வைக்கிற பொட்டி. ஆறரை அடி. தெக்கால தல வைக்கணும். தெக்குச் சுவர்ல நீ டிவி அலமாரி போட்டு வச்சிருக்க. தல எங்கிட்டுப் போவும்?"

நான் வாங்கியது சாதாரண பல்பு இல்லை, ஹாலோஜன் பல்பு. அஞ்சு செமஸ்டர் டிசைன் படித்திருக்கிறேன். வயதானவர்கள் குளிக்கிற இடம், தூங்குகிற இடம், கையை ஊன்றுகிற இடம் எல்லாம் யோசித்தேன். கடைசியாகப் படுக்கிற இடத்தை யோசிக்கவில்லை. அவர்களோ சோறு தின்ற கையோடு, அரிசி மூட்டை வைக்க இடம் பார்க்கிற மாதிரி பேசுகிறார்கள்.

"டிவிய வடக்க மாத்து" என்றாள் அம்மா. "நடுவுல பொட்டி. சுத்தி உக்காந்து அழுவ எடம் இருக்கா? அழுவ எவளும் வர மாட்டா, அது வேற. என்ன அரசி, நீ முன்னாடி போயிரலாம்னு பாக்குறியா? வரிசையில வா. நான்தான் மூத்தவ."

மறுபடி சிரிப்பு. அத்தை மட்டும் சிரிக்கவில்லை.

"ஒங்களுக்கு இங்க அண்ணி. சரி. எனக்கு?"

"ஒனக்கும் இங்கதான்டி. ஒனக்குன்னு தனியா சுடுகாட்டு ரூம்பா கட்டுவாங்க?"

"இது ஒங்க வாசலு" என்றாள் அத்தை. குரலைக் கூட உயர்த்தவில்லை. "நான் காலையில கதவத் தொறந்து வெளிய போவணும்னா ஒங்க ஹாலத் தாண்டித்தான் போவணும். என்னயப் பாக்க யாராச்சும் வந்தா ஒங்க வாசல்லதான் நிக்கணும். செத்தாலும் ஒங்க வாசல் வழியாத்தான் தூக்கணும். ஊர்ல என்ன சொல்லுவாங்க? அண்ணன் பொண்டாட்டி வீட்ல கெடந்து செத்தாம்பாங்க. எனக்கென்ன இப்ப? கையி காலு நல்லாத்தான இருக்கு. இப்பவும் ஓடச் சொன்னா ஓடுவேன். நீங்க நல்லா இருங்க. நான் வாரேன்."

பையை எடுத்தாள். காலையிலிருந்து எல்லாரும் கண்டபடி மிதித்த வீட்டிலிருந்து, ஹாலைத் தாண்டி, நான் வரைந்த முன்வாசல் வழியாக, ஒரு விருந்தாளி எப்படிப் போவாளோ அப்படிப் போனாள். சரிவின் பதினெட்டு அடியையும் நடந்து தீர்த்துவிட்டுத்தான் ரோட்டில் ஏறினாள்.

எனக்குக் கோபம் அத்தை மேல்தான். கம்பி வைத்தேன், சரிவு வைத்தேன், ஒன்பது எட்டு எண்ணி எண்ணிக் குறைத்தேன், இதில் செத்தால் எந்த வாசல் என்று ஒரு பிரச்சினையா? "போனாப் போவட்டும்மா. ஒனக்கு நான் ஒரு ஆள வேலைக்கு வைக்கிறேன்" என்றேன்.

அம்மா குச்சியை என் கையில் கொடுத்தாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு, செருப்புக் காலால் ஹாலின் முன்சுவரை அழிக்க ஆரம்பித்தாள். அந்தப் பழுதான முட்டியோடு. ஓரத்து ரூமுக்கு நேராக மூன்றடிக்குக் கோடு காணாமல் போயிற்று.

"இங்க ஒரு வாசல் வை."

"அங்க காத்தாட உக்கார என்னோட சிட்-அவுட் இருக்கு! அதுதான் இந்தப் பிளான்லயே அழகு!"

"ஒன் அழகு எங்களுக்கு எதுக்குடி? குடியிருக்கப் போறது நாங்க."

கருப்பையா கொத்தனார் தலையைச் சொறிந்தார். "யக்கா, ஒரே வீட்டுக்கு முகப்புல ரெண்டு நிலைன்னா, குடும்பம் பிரிஞ்சு போச்சுன்னு சொல்லுவாங்க."

"சேராததுதானப்பா பிரியும்? நாங்க எப்ப சேந்தோம்?" என்றாள் அம்மா.

அன்று பொழுது சாய்வதற்குள் நான் சிட்-அவுட்டைக் கொன்றேன். மனசு வலித்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் பென்சில் ஓட ஓட எனக்கே புல்லரித்தது. ரெண்டு வாசல். ரெண்டு வாசலுக்கும் பொதுவாக ஒரே சரிவு, மேலே அகலமான ஒரு மேடை, அங்கிருந்து ஆளுக்கு ஒரு பக்கம். அத்தைக்குத் தனி ஹால், சின்னதாக ஒரு அடுப்படி. நடுச்சுவரில் ஒரே ஒரு கதவு, இங்கிட்டும் அங்கிட்டும் போக. சுவரின் ரெண்டு பக்கமும் பாத்ரூம், அதனால் ஒரே குழாய் வரிசை. முதல் பிளான் பரீட்சைக்குப் போட்டது. இது வீடு. இதை நான் போட்டேன் என்று எந்த மேடையிலும் சொல்லுவேன்.

பதினாலு படி

அத்தை ஃபோனை எடுக்கவில்லை. மூன்று நாள். சண்டை போடவாவது எடுப்பாள். எடுக்கவில்லை.

நாலாம் நாள் அம்மா புதுச் சேலை கட்டிக்கொண்டு நின்றாள். "ஆட்டோ சொல்லு. திருமயம் போறோம்." விழுந்ததற்கு அப்புறம் அம்மா அவ்வளவு தூரம் போனதே இல்லை. வழியெல்லாம் குழி. ஒவ்வொரு குழிக்கும் ஒரு முருகா.

அத்தை இருந்தது கோட்டைக்குப் பக்கத்துத் தெருவில், மாடி போர்ஷன். வெளிப்பக்கமாக ஒரு படிக்கட்டு, பதினாலு படி, கைப்பிடி இல்லை. நான் இதற்கு முன்னால் எத்தனையோ தடவை ஓடி ஏறியிருக்கிறேன். எண்ணியது அன்றைக்குத்தான்.

அம்மா ஆட்டோவை விட்டு இறங்கவில்லை. அங்கிருந்தே கத்தினாள். "ஏ அரசி!"

மாடியில் தலை தெரிந்தது. "என்ன அண்ணி இங்க? மேல வாங்க."

"ஏறுனா எறங்க மாட்டேன். நீ எறங்கி வா."

"எனக்கு வேல கெடக்கு."

"என்ன வேல? கலெக்டர் வேலயா? எறங்குடி. தெருவே பாக்குது."

தெரு நிஜமாகவே பார்த்தது. எதிர்க்கடைக்காரர் சாமான் கட்டுவதை நிறுத்திவிட்டார். அத்தை கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் இறங்க ஆரம்பித்தாள்.

ஓடச் சொன்னால் ஓடுகிற அத்தை பக்கவாட்டில் இறங்கினாள், நண்டு மாதிரி. ரெண்டு கையையும் சுவரில் ஊன்றி, ஒவ்வொரு படியிலும் ரெண்டு காலையும் சேர்த்து வைத்து, நின்று, மூச்சு வாங்கி, அடுத்த படி. அம்மாவைத் தூக்கித் தூக்கி நாற்பது நாள் நின்ற கால். எங்கள் வீட்டில் அவள் நடந்ததெல்லாம் சமதரையில். அதனால் யாருக்கும் தெரியவில்லை.

பிடிக்கலாம் என்று நான் ஓடினேன். "தொடாத" என்றாள். கடைசிப் படி வரை தொடவிடவில்லை.

அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். முட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அத்தை அப்படியே திரும்பி ஏறியிருப்பாள். "உள்ள உக்காரு. வெயிலு" என்று மட்டும் சொல்லி, நகர்ந்து இடம் விட்டாள்.

ஆட்டோவுக்குள் ஆபீஸ்

முன்சீட்டில் டிரைவர் அண்ணன் பக்கத்தில் நான் ஒண்டிக்கொண்டு, பின்னால் திரும்பி, அவர்கள் மடியில் பிளானை விரித்தேன்.

"இது ஒங்க வாசல் அத்த. ரோட்டுலருந்து நேரா வரலாம். அம்மா ஹால் பக்கம் எட்டிக்கூடப் பாக்க வேணாம். இது ஒங்க ஹாலு. இது ஒங்க அடுப்படி."

அத்தை விரலை வைத்துக் கோட்டோடு போனாள். நடுச்சுவரில் நின்றது விரல்.

"இது என்ன?"

"நடுக்கதவு. ஒருத்தருக்கு முடியலன்னா இன்னொருத்தர் வர."

"தாழ்ப்பா எந்தப் பக்கம்?"

இதை நான் யோசித்திருந்தேன். அம்மா பக்கம் மட்டும் என்றால் அத்தை வாடகைக்காரி. ரெண்டு பக்கமும் என்றால் எதற்கு அந்தக் கதவு? "தாழ்ப்பாளே வேணாம் அத்த. அதான் பாதுகாப்பு."

"அதெப்படி? எனக்கு வேணும்" என்றாள் அத்தை.

நான் அம்மாவைப் பார்த்தேன். இந்த இடத்தில் அம்மா வாயைத் திறந்தால் கோட்டை அதிரும் என்று நினைத்தேன். அம்மா வெளியே பார்த்தபடி சொன்னாள்.

"அவ பக்கம் மட்டும் வை. எனக்கு வேணாம்."

ஒற்றைத் தாழ்ப்பாள், அதுவும் நாத்தனார் பக்கம். அவள் மூடினால் அம்மா தட்டிவிட்டுத்தான் போகணும். அவள் எப்போது வேண்டுமானாலும் அம்மா வீட்டுக்குள் வரலாம். அந்த மனையில் அப்படி ஒரு உரிமையை அத்தைக்கு யாரும் எழுதிக் கொடுத்ததில்லை.

எனக்கு இஞ்சினியர் புத்தி விடவில்லை. "அத்த, நீங்க தாழ்ப்பாளப் போட்டுட்டு உள்ள விழுந்துட்டீங்கன்னா?"

"தாழ்ப்பா வேணும்னேன். போடுவேன்னா சொன்னேன்?" என்றாள்.

டிரைவர் அண்ணன் ரொம்ப நேரமாகப் பொறுத்திருந்தார். "ஞாயமான பேச்சுங்க. ஆட்டோவுல ஹாரன் இருக்கு, அடிச்சுக்கிட்டேவா இருக்கேன்?"

அத்தை அவரை முறைத்துவிட்டு மறுபடி பிளானில் குனிந்தாள். தன் ஹாலின் தெற்குச் சுவரில் விரலை வைத்தாள். அங்கே நான் ஒன்றுமே வரையவில்லை. அலமாரி இல்லை, ஜன்னல் இல்லை. ஏழடிக்கு வெறும் சுவர். அத்தைக்குப் புரிந்தது. அம்மாவுக்கும்.

"பொட்டிக்குக் கரண்டு வேணும்ல? பிளக் பாயிண்டு?"

"சுவருக்குக் கீழயே போட்டிருக்கேன் அத்த. அந்த ஒண்ணு மட்டும் தாழ்வா."

"அப்ப சரி" என்றாள்.

அம்மா, "கெளம்புப்பா. இவளயும் சேத்துத்தான்" என்றாள். அத்தை, "மாத்துச் சேல எடுக்கணும்" என்று இறங்கப் போனாள். அம்மா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பதினாலு படியையும் நான்தான் ஏறினேன்.

கருப்பையா கொத்தனார் இப்போது ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார், "ரெண்டு வாசல் வீடு, எங்க இஞ்சினியரு புள்ள போட்ட பிளானு" என்று. 'எங்க' என்கிறார். போன வாரம் எதிர்வீட்டுப் பெரியம்மா ஆசாரியைக் கூப்பிட்டு, தன் பாத்ரூம் கதவைக் கழற்றி வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டிக்கொண்டார். கேட்டால், "காத்து வரலடி, அதான்" என்கிறார்.

அத்தை பழைய வீட்டில் என் ரூமில் இருக்கிறாள். லீவுக்கு வந்தால் நான் ஹாலில் பாய். ரசத்தில் புளி இன்னும் அதிகம்தான். தினமும் மாலையில் ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு குச்சியோடு சைட்டுக்குப் போய், ஆளுக்கு ஒரு பக்கம் சுவருக்குத் தண்ணி அடிக்கிறார்கள். யார் பக்கம் அதிகம் நனைந்தது என்று தகராறு.

இன்றைய நிலவரம்: சுவர் லிண்டல் மட்டத்துக்கு, அதாவது நிலையின் தலை வரைக்கும் வந்துவிட்டது. ரெண்டு வாசலிலும் நிலை நிற்கிறது. கதவு இன்னும் மாட்டவில்லை.